புது சைக்கிள் வேண்டாம், பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம் போதும்

என் ஹைப்ரிட் சைக்கிளில் 21 கியர். அதில் பாதியை நான் தொட்டதே இல்லை. எனக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு கியர் மட்டும் அந்த இருபத்தொன்றில் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஹைப்ரிட் வைத்திருக்கும் பலருக்கும் இதுதான் நிலைமை. சமதளத்தில் நன்றாக ஓடும். மேம்பாலத்தில் லேசாக முனகும். மருதமலை அடிவாரம் தாண்டினால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். உடனே "வயசாயிடுச்சு", "சைக்கிள் பழசாயிடுச்சு" என்று இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். முதல் முடிவு எடுத்தவர் சைக்கிளைப் பால்கனியில் நிறுத்திவிடுகிறார். இரண்டாவது முடிவு எடுத்தவர் புதுசு பார்க்கக் கடைக்குப் போகிறார். இரண்டு பேரும் அதற்கு முன்னால் சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பல்லை எண்ணிப் பார்த்திருக்கலாம் என்பது என் கட்சி.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். இங்கே சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மேட்டுப்பாளையம் தாண்டினால் ஒரு ஆசை வரும். அங்கிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். சாலை ஏறும் உயரம் ஏறத்தாழ 1,450 மீட்டர். சராசரி போட்டால் நாலரை சதவீத ஏற்றம்தான் வரும். ஆனால் சராசரியை யாரும் ஓட்டுவதில்லை. தொடக்கத்தில் கொஞ்ச தூரம் சமமாகப் போகும், பிறகு அந்தக் கடனையும் சேர்த்து வசூலிக்கும். பக்கத்திலேயே குன்னூர் பக்கம் ஏறுகிற ஊட்டி ரயில், கல்லாறில் இருந்து தண்டவாளத்துக்கு நடுவே பல் பதித்த பட்டையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. 12 அடிக்கு ஓர் அடி என்கிற அளவு ஏற்றம் அது. நீராவி எஞ்சினே பல்லை நம்பித்தான் மலை ஏறுகிறது என்றால் நமக்கு என்ன வெட்கம்?

முதலில் எண்ணுங்கள்

கியர் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது பற்களின் எண்ணிக்கை. முன்னால் பெடலோடு சேர்ந்து சுற்றும் சக்கரங்களில் பல் எண்ணிக்கை பெரும்பாலும் அதிலேயே அச்சாகியிருக்கும். பின்னாலும் அப்படியே, அழுக்கைத் துடைத்தால் தெரியும். தெரியாவிட்டால் ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்து எண்ணுங்கள்.

என்னுடையதில் முன்னால் 48, 38, 28. பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28. ஏழு கியர் ஹைப்ரிட்களில் மிகப் பரவலாக இருந்த அமைப்பு இது.

முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று தெரியும். 48-ஐ 14-ஆல் வகுத்தால் 3.43. 28-ஐ 28-ஆல் வகுத்தால் 1. இதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், ஒரு சுற்று மிதிக்கு எத்தனை மீட்டர் போகிறோம் என்று வரும். 700-க்கு 35 டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.17 மீட்டர். ஆக என் சைக்கிளின் கனமான கியர் ஒரு மிதிக்கு 7.4 மீட்டர் போகும். லேசான கியர் 2.17 மீட்டர் போகும்.

இப்போது 21 என்கிற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 48-ஐ 28-ஆல் வகுத்தால் 1.71. 38-ஐ 22-ஆல் வகுத்தால் 1.73. 28-ஐ 16-ஆல் வகுத்தால் 1.75. மூன்றும் நடைமுறையில் ஒரே கியர். மூன்று தனித்தனி கியராக எண்ணிக் கடைக்காரர் நமக்கு விற்றிருக்கிறார். இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவதையும், செயின் குறுக்காக இழுபடும் என்பதால் போடக்கூடாத சேர்க்கைகளையும் கழித்தால், உண்மையில் பத்துப் பன்னிரண்டு கியர்தான் மிஞ்சும்.

மேல்முனையில் இருக்கும் 48-க்கு 14 யாருக்கு? நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் அது மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகும். நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் கேரியரும் வைத்து, அவிநாசி ரோட்டில் காய்கறி வாங்கப் போகிறவருக்கு அந்த வேகம் எதற்கு? கடையில் நிறுத்திப் பார்க்கும்போது வேகமான சைக்கிளாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேல்பக்கம் தாராளமாகக் கொடுத்து, கீழ்ப்பக்கம் கஞ்சத்தனம் செய்துவிட்ட அமைப்பு இது என்றே எனக்குப் படுகிறது.

லேசான கியர் எதைக் குறைக்கிறது?

"சின்ன கியர் போட்டால் வேகம் குறையும், அதிக நேரம் மிதிக்கணும், கடைசியில் எல்லாம் ஒன்றுதானே?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பாதி சரி. மலையேறச் செலவாகும் மொத்த உழைப்பைக் கியர் குறைக்காது. 90 கிலோவை 1,450 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் வேலை எந்தக் கியரில் போனாலும் அதேதான். ஆனால் 50 கிலோ அரிசி மூட்டையை ஒரே தூக்காக மாடிக்கு ஏற்றுவதும், பத்துப் பத்து கிலோவாக ஐந்து தடவை ஏற்றுவதும் முதுகுக்கு ஒன்றா என்ன?

கணக்காகவே பார்த்துவிடலாம். ஆள், சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ. ஏற்றம் 7 சதவீதம். பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் நீளம் வழக்கமான 170 மில்லிமீட்டர். மெதுவாகத்தான் போகிறோம், அதனால் காற்றை விட்டுவிடலாம். புவியீர்ப்பும் டயரின் உராய்வும் சேர்ந்து பின்னால் இழுப்பது சுமார் 69 நியூட்டன், அதாவது ஏழு கிலோ எடைக்குச் சமம்.

28-க்கு 28 போட்டு ஏறினால், கால் பெடலில் சராசரியாகக் கொடுக்க வேண்டிய அழுத்தம் 14 கிலோ. நிமிடத்துக்கு 60 சுற்று வைத்தால் 150 வாட் ஆகும்.

28-க்கு 34 போட்டால் 12 கிலோவுக்குக் கீழே, 124 வாட்.

24-க்கு 34 போட்டால் 10 கிலோ; 106 வாட்.

சராசரிதான் இது. கிராங்க் படுக்கை நிலைக்கு வரும்போது அழுத்தம் இதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். வாரக் கடைசியில் மட்டும் சைக்கிளை எடுக்கும் நாற்பது வயதுக்காரருக்கு ஒரு மணி நேரம் தொடர்ந்து 150 வாட் என்பது லேசான காரியம் இல்லை. 106 வாட் என்றால் பேசிக்கொண்டே கூட ஏறலாம்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 28-க்கு 28-லேயே மெதுவாகப் போனால் என்ன? நிமிடத்துக்கு 40 சுற்றாகக் குறைத்தால் வாட் 100-க்கு இறங்கிவிடும், மூச்சு வாங்குவது நிற்கும். ஆனால் பெடலில் கொடுக்கும் 14 கிலோ அப்படியேதான் இருக்கும். ஏற்றத்தின் சரிவும் கியரும் மாறாதவரை அந்தக் கனம் மாறாது. வேகத்தைக் குறைத்தால் நுரையீரல் தப்பிக்கும், முழங்கால் தப்பிக்காது. அந்தப் பாரத்தைக் குறைக்க இரண்டே வழிதான்: ஏற்றம் குறைய வேண்டும், அல்லது பல் மாற வேண்டும். மலையை நம்மால் மாற்ற முடியாது.

அதே மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்ச வேகத்தில் 24-க்கு 34 போட்டு ஏறினால், கால் நிமிடத்துக்கு 57 சுற்றுச் சுற்றும். செலவாகும் வாட் அதேதான். ஆனால் ஒவ்வொரு மிதியும் முப்பது சதவீதம் லேசு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதை எப்படிச் சாதிப்பது என்பதுதான்.

கௌரவப் பிரச்சினை

"இவ்வளவு சின்ன கியரா? அதுக்கு இறங்கி நடந்துடலாமே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். இந்தக் கிண்டலுக்கு நூற்றிருபது வயது. பிரான்சில் செயின்ட் எட்டியென் ஊர்க்காரர் பால் தெ விவி, 'வெலோசியோ' என்ற பெயரில் எழுதியவர், மலைப்பாதைகளில் கியர் மாற்றி ஓட்டுவதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். 1902-ல் அந்த நாட்டு டூரிங் கிளப் நடத்திய மலைப் பரீட்சையில், மூன்று கியர் சைக்கிளில் வந்த மார்த்தா எஸ் என்ற பெண், ஒற்றைக் கியரில் வந்த பந்தய வீரர் எதுவார் ஃபிஷரை முந்தினார். அப்படியும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சு அசையவில்லை. கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்பது அவர் கருத்து. அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கம் இருக்கும் பெரிய பல்லில் ஏறினார்கள். 1937-ல்தான் டூர் பந்தயத்தில், ஓட்டிக்கொண்டே கியர் மாற்ற உதவும் டீரெய்லருக்கு அனுமதி கிடைத்தது.

இன்று டூர் வீரர்களே பின்னால் 34 பல் போட்டுக்கொண்டு ஆல்ப்ஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்கு வெட்கமில்லை. எனக்கு தெக்ராஞ்சு சொன்ன வயதுமாகிவிட்டது, ஆக இரண்டு வகையிலும் எனக்கு அனுமதி உண்டு.

பின்னால் தொடங்குங்கள்

மாற்றத்தைப் பின்சக்கரத்தில் தொடங்குவதுதான் செலவும் குறைவு, தலைவலியும் குறைவு. அதற்கு முன், பின்னால் இருப்பது ஃப்ரீவீலா கேசட்டா என்று தெரிய வேண்டும்.

ஃப்ரீவீல் என்பது பற்களும், பின்னோக்கிச் சுற்றினால் கிரிக்-கிரிக் என்று ஓடும் உள்பகுதியும் ஒரே கட்டியாக இருப்பது. அது அப்படியே ஹப்பின் மேல் மரையில் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேசட்டில் அந்த ஓடும் பகுதி ஹப்போடு இருக்கும். பற்கள் மட்டும் காடி வழியாகச் சறுக்கி ஏறி, மேலே ஒரு பூட்டு வளையத்தால் இறுகியிருக்கும். பார்த்ததும் அடையாளம் காண ஒரு வழி: சக்கரத்தைக் கழற்றி, பற்களைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கருவி நுழைக்கும் காடி வைத்த பகுதியும் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அது அசையாமல் பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். பழைய ஆறு, ஏழு கியர் ஹைப்ரிட்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான்.

ஏழு கியர் ஃப்ரீவீல்காரர்களுக்கு நல்ல செய்தி: ஷிமானோவின் மெகா ரேஞ்ச் என்கிற 14–34. அதன் பற்கள் 14, 16, 18, 20, 22, 24, கடைசியாக 34. என்னிடம் இருந்த 14–28-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஆறு பல் அச்சு அசல் அதே. கடைசி ஒன்று மட்டும் 28-லிருந்து 34 ஆகிறது. சமதளத்தில் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. இழப்பு ஏதுமில்லாமல் ஒரு மலைக் கியர் கூடுதலாகக் கிடைக்கிறது. பல்லுக்குப் பல் இடைவெளியும் அதே என்பதால் ஹேண்டிலில் இருக்கும் ஷிஃப்டரை மாற்ற வேண்டியதில்லை. எட்டு கியர் கேசட் வைத்திருப்பவர்களுக்கு 11–34 எளிதில் கிடைக்கும்.

நான் போன கடை, சாதாரண சைக்கிள் கடை. ஒரு பக்கம் பஞ்சர் ஒட்டும் தொட்டி, மறுபக்கம் தொங்கும் டயர்கள். கடைக்கார அண்ணன் பின்சக்கரத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த 14 பல்லு பெட்டியில இருந்து எடுத்த மாதிரி இருக்குது. 24-ம் 28-ம் மட்டும் தேஞ்சு கெடக்குது. மலைக்குப் போறீங்களா?"

"மலைக்குப் போகத்தானுங்கண்ணா வழி கேக்கறேன்."

"அப்புறம் எதுக்குங்க தொடாத பல்லைப் பத்தி யோசனை? தேயறது எதுன்னு பாத்து அதைப் பெருசு பண்ணிக்குங்க."

பத்து இணையப் பக்கம் படித்து நான் தெரிந்துகொண்டதை அவர் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். உங்கள் சைக்கிளிலும் இதைப் பார்க்கலாம். பளபளவென்று கூர்மையாகத் தேய்ந்திருக்கும் பற்கள் எவை, கறுப்பு அழுக்கோடு புதிதாக இருப்பவை எவை என்று பார்த்தால், நீங்கள் எந்தக் கியரில் வாழ்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஃப்ரீவீலைக் கழற்றுவது கொஞ்சம் முரட்டு வேலை. நாம் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கென்று பன்னிரண்டு காடி வைத்த கருவி உண்டு. பழைய ஃப்ரீவீல் சிலவற்றில் இரண்டு அல்லது நான்கு வெட்டு மட்டும் இருக்கும், அதற்குக் கருவி வேறு. கருவியை நுழைத்து, நழுவாதபடி அச்சின் நட்டாலோ குவிக் ரிலீசாலோ லேசாகப் பிடித்து வைத்து, கருவியை வைஸில் இறுக்கி, சக்கரத்தையே ஸ்டியரிங் போலப் பிடித்து இடப்பக்கம் திருப்ப வேண்டும். பிடி விட்டதும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அச்சில் மாட்டிக்கொள்ளும். புதியதைப் போடும்போது மரையில் கிரீஸ் தடவி, கையாலேயே முதல் சுற்றுகளை நேராக ஏற்றுங்கள். ஹப்பின் மரை அலுமினியம்; கோணலாக ஏறினால் ஹப்பே போய்விடும். அப்புறம் இறுக்க வேண்டியதில்லை, முதல் மேடே இறுக்கிவிடும்.

டீரெய்லரும் செயினும் ஒத்துழைக்குமா?

பெரிய பல்லைப் போட்டுவிட்டால் மட்டும் வேலை முடியாது. பின்னால் தொங்கிக்கொண்டு செயினைப் பல் விட்டுப் பல் தள்ளும் டீரெய்லருக்கு இரண்டு எல்லை உண்டு.

ஒன்று, அது ஏற்கும் மிகப் பெரிய பல். பழைய சாதாரண டீரெய்லர்கள் சில 28 வரைக்குமானவை. 34 போட்டால் மேல் உருளை பல்லில் இடித்து அரைக்கும். பி ஸ்க்ரூ என்கிற சிறிய திருகை இறுக்கிக் கொஞ்சம் விலக்கலாம், ஆனால் ஆறு பல் வித்தியாசத்தை அந்தத் திருகு தாங்காது.

இரண்டு, அது சுருட்டிக்கொள்ளும் மொத்தச் செயின் அளவு. கணக்கு எளிது. முன்னால் பெரியது கழித்தல் சிறியது, பின்னால் பெரியது கழித்தல் சிறியது, இரண்டையும் கூட்டுங்கள். எனக்கு முன்னால் 48-லிருந்து 28 போனால் 20. பின்னால் 34-லிருந்து 14 போனால் 20. மொத்தம் 40. நீளமான கை வைத்த ஷிமானோ டூர்னி அல்லது ஆல்டஸ் டீரெய்லர் 34 பல்லை ஏற்கும், 43 வரை சுருட்டும். ஆக அது போதும். ஏழு, எட்டு கியர் ஷிஃப்டரோடும் பொருந்தும். பத்து கியர் மலை சைக்கிளுக்கான டீரெய்லர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அதன் கேபிள் இழுப்புக் கணக்கே வேறு.

செயினில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பின்னால் ஆறு பல் கூடினால், செயின் அந்தப் பல்லில் பாதிச் சுற்றுத்தான் சுற்றுகிறது என்பதால் மூன்று கண்ணி கூடுதலாக வேண்டும். செயினில் கண்ணிகள் ஜோடியாகத்தான் சேரும், ஆக நான்கு. பழைய செயினையே விட்டுவிட்டு, ஒருநாள் மறந்துபோய் முன்னால் 48, பின்னால் 34 என்று இரண்டும் பெரியதாகப் போட்டுவிட்டால், செயின் எட்டாமல் டீரெய்லரைப் பிய்த்துக்கொண்டு போகும். அது தொங்கும் கொக்கியும் வளையும். செயின் கொஞ்சம் நீளமாக இருந்து, இரண்டும் சிறியதில் தொய்ந்தால் பரவாயில்லை. சத்தம் மட்டும்தான் வரும். குட்டையாக இருக்கக்கூடாது.

அளக்கும் வழி: செயினை டீரெய்லரில் நுழைக்காமல், முன்னால் பெரிய பல்லையும் பின்னால் பெரிய பல்லையும் நேராகச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் ஓர் அங்குலம், அதாவது இரண்டு கண்ணி, கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். பெட்டியில் 116 கண்ணியோடு வரும் செயின் என் சைக்கிளுக்குப் போதுமானதாக இருந்தது.

எப்படியும் புதுப் பல்லுக்குப் புதுச் செயின் போடுவதுதான் நல்லது. செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளங்கள். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் அது பல்லையும் சேர்த்துத் தின்றுவிட்டது என்று அர்த்தம். நீண்டுபோன செயினைப் புதுப் பல்லில் போட்டால், மேட்டில் அழுத்தி மிதிக்கும் நேரம் பார்த்துத் தாவும்.

மாட்டி முடித்ததும் எல்லைத் திருகுகள் இரண்டையும் பார்த்துவிடுங்கள். கீழ்க்கியருக்கான திருகு தளர்வாக இருந்தால் செயின் 34-ஐத் தாண்டி ஆரக்கம்பிக்குள் விழும். ஏற்றத்தில் அப்படி விழுந்தால் சக்கரத்துக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

முன்னாலும் மாற்ற வேண்டுமா?

பின்னால் மாற்றியதிலேயே என் கடைசிக் கியர் 2.17 மீட்டரிலிருந்து 1.79 மீட்டருக்கு இறங்கியது. மேம்பாலம், மருதமலை ரோடு, ஊர்ப்புற மேடுகள் எல்லாவற்றுக்கும் இது தாராளம். தினசரி ஓட்டத்துக்கு மட்டும் என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஏற வேண்டும், அல்லது பின்னால் கேரியரில் பை இருக்கும் என்றால் முன்னாலும் பார்க்கலாம். இங்கே முதல் கேள்வி: பற்கள் போல்ட் போட்டவையா, ரிவெட் அடித்தவையா? விலை குறைந்த செட்களில் மூன்று பல்லையும் சேர்த்து ரிவெட் அடித்திருப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. போல்ட் போட்டதாக இருந்தால், உள்பக்கச் சிறு பல்லின் போல்ட்களுக்கு இடையிலான தூரத்தைப் பொறுத்து எவ்வளவு சிறியது போடலாம் என்பது அமையும். நான்கு போல்ட், 64 மில்லிமீட்டர் வட்டம் என்றால் 22 வரை இறங்கலாம். ஐந்து போல்ட், 74 மில்லிமீட்டர் என்றால் 24 வரை.

28-ஐ எடுத்துவிட்டு 24 மட்டும் போட்டால் மொத்தக் கணக்கு 44 ஆகிவிடும். டீரெய்லரின் 43-ஐ ஒன்று தாண்டும். முன்னும் பின்னும் சிறியதில் போட்டால் செயின் தொங்கும், அவ்வளவுதான். அந்தச் சேர்க்கையை யாரும் போடப்போவதில்லை. ஆனால் 38-லிருந்து 24-க்கு இறங்கும்போது செயின் உள்பக்கம் விழ வாய்ப்பு அதிகம். சீட் டியூபில் மாட்டும் ஒரு சிறிய தடுப்பு அதைத் தவிர்க்கும்.

என்னுடையது ரிவெட். அதனால் செட்டையே மாற்றினேன்: 42, 34, 24. மலை சைக்கிள்களுக்கு வரும் சாதாரண செட் இது. இதில் 42-க்கு 14 போட்டால், நிமிடத்துக்கு 80 மிதிக்கு மணிக்கு 31 கிலோமீட்டர் போகும். அதற்கு மேல் வேகம் எனக்கு இறக்கத்தில் மட்டுமே வரும். இறக்கத்தில் நான் மிதிப்பதில்லை, பிரேக் பிடிக்கிறேன். கடைசிக் கியர் 24-க்கு 34: ஒரு மிதிக்கு 1.53 மீட்டர்.

இதற்குக் கிராங்க் கழற்றும் கருவி வேண்டும். நடு அச்சின் நீளமும் புது செட்டுக்குப் பொருந்த வேண்டும். குட்டையாக இருந்தால் உள்பல் ஃபிரேமில் உரசும், நீளமாக இருந்தால் செயின் கோணலாக ஓடும். பழைய செட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். பெடல் கழற்றும்போது இடதுபக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 48 இருந்த இடத்தில் 42 வந்தால், முன் டீரெய்லரையும் கீழே இறக்க வேண்டும்; அதன் தகடு பெரிய பல்லுக்கு மேல் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும். சில ஃபிரேம்களில் அப்படி இறக்கினால் தகட்டின் வால் ஃபிரேமில் இடிக்கும். இடித்தால் கொஞ்சம் மேலேயே விட்டுவிடுங்கள். மாற்றம் சற்றுச் சோம்பலாக நடக்கும், பழகிவிடும்.

ஓட்டிப் பார்த்தால்

24-லிருந்து 34-க்குத் தாவும்போது ஒரு வெற்றிடம் தெரியும். கால் சட்டென்று காற்றில் சுற்றும். அது பத்துப் பல் இடைவெளி, ஒளிக்க முடியாது. பழகிக்கொள்ள வழி: மேடு வருவதற்கு முன்னாலேயே போட்டுவிடாமல், 24-ல் கால் உண்மையிலேயே திணறும் வரை பொறுத்து, தாவும் அந்த நொடியில் மட்டும் அழுத்தத்தை விட்டு மிதிக்க வேண்டும். முன்னால் நடுப்பல்லில் வைத்து 34 போட்டால் அதுவும் ஒரு நல்ல இடைநிலை: 34-க்கு 34 சரியாக ஒன்று. அதாவது என் பழைய சைக்கிளின் ஆகக் கடைசிக் கியர், இப்போது எனக்கு நடுவில் இருக்கும் கியர்.

இன்னும் கீழே போகலாமா? போகலாம், ஆனால் எல்லை உண்டு. மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குக் கீழே போனால் ஹேண்டில் ஆடத் தொடங்கும். பக்கத்தில் பஸ் வரும் மலைப்பாதையில் அது வேண்டாம். சுமையில்லாமல் ஓட்டுபவருக்கு ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர் என்பதே நியாயமான அடிமட்டம்.

கோத்தகிரி ஏற்றம் இப்போதும் ஏற்றம்தான். ஆனால் முன்பு என்னை நிறுத்தியது கால். இப்போது நிற்பது டீக்கடையைப் பார்த்து.

செலவு செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். காசில்லாமல் ஆவது முதலில்: டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், சீட்டை உயர்த்துங்கள், சீட் தாழ்ந்திருந்தால் எந்தக் கியரும் முழங்காலைக் காப்பாற்றாது. அடுத்து ஃப்ரீவீலும் செயினும். பழைய டீரெய்லர் 34-ஐ ஏற்காவிட்டால் அதுவும். ஒரு மாதம் ஓட்டுங்கள். அப்புறமும் போதவில்லை என்றால் மட்டும் முன்செட். முன்னால் ஒற்றைப் பல், பின்னால் 46 பல் என்று இப்போது வரும் அமைப்புக்குப் போகலாமே என்று கேட்காதீர்கள். அதற்கு ஷிஃப்டர், டீரெய்லர், கேசட், ஃப்ரீவீல்காரர்களுக்குப் பின்சக்கரமே கூட மாற வேண்டும். அந்தக் காசுக்கு வேறு யோசனை செய்யலாம்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் இவற்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: முன்பற்கள் மூன்று எண், பின்னால் பெரியதும் சிறியதும், பின்னால் எத்தனை கியர், ஃப்ரீவீலா கேசட்டா, டீரெய்லரில் அச்சாகியிருக்கும் பெயர். இவ்வளவு தெரிந்தால், உங்களுக்குப் புது சைக்கிள் விற்கப் பார்க்கிறவரிடமும் தைரியமாகப் பேசலாம். பேசிய பிறகும் புதுசுதான் வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பல்லையும் எண்ணிவிட்டுக் காசு கொடுங்கள்.